முதலில் ஒரு தறி

அலுவலகக் கணினிகள் மொத்தமாகப் படுத்துக்கொள்வது ஏன்? ஒரு புது மென்பொருள் பத்து சிஸ்டத்தில் ஏழில் ஏறி மூன்றில் ஏறாமல் நிற்பது ஏன்? காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு தேடல்.

2024 ஜூலை 19. ஆடி பிறந்து மூன்றாம் நாள், முதல் வெள்ளி. காமாட்சியம்மன் கோயிலில் காலையிலேயே வரிசை நீளும் நாள். அன்று நம் நேரப்படி காலை 9.39க்கு, அமெரிக்காவின் க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சிறிய கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் அன்றாடம் செய்யும் வாடிக்கையான வேலைதான். கோப்பு போய்ச் சேர்ந்த விண்டோஸ் கணினிகள் ஒவ்வொன்றாக நீலத் திரை காட்டி நின்றன. அணைத்துப் போட்டாலும் மறுபடி அதே நீலத் திரை. 10.57க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. இடைப்பட்டது 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் கணினிகள் விழுந்திருந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனம் அடுத்த சில நாள்களில் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் சிறிய பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அரசின் என்.ஐ.சி. நெட்வொர்க் தப்பியது.

பிழை என்ன என்று பின்னர் நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அனுப்பிய கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருள் 20 தகவல்களைத்தான் தந்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போய், நினைவகத்தில் படிக்கக்கூடாத இடத்தைப் படித்தது. அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிழை எந்த மென்பொருளிலும் நேரும். அதை 85 லட்சம் இயந்திரங்களின் துயரமாக்கியது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான். முதலில் ஆயிரம் கணினிக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால், அந்த ஆயிரத்தோடு போயிருக்கும். இனிமேல் கட்டம் கட்டமாகவே அனுப்புவோம் என்று நிறுவனம் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். கோப்பைத் திரும்பப் பெற 78 நிமிடம் போதுமானதாக இருந்தது. விழுந்த கணினிகளை எழுப்பத்தான் நாள்கணக்கானது. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்ட கணினி என்றால் 48 இலக்கச் சாவி எண் வேண்டும். பல இடங்களில் அந்தச் சாவி எண்கள் இருந்த சர்வரும் விழுந்து கிடந்தது.

நெசவு ஊரில் இருப்பவர்களுக்கு இதில் ஒன்று உடனே பிடிபடும். ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைச் சரத்தில் ஒரே ஒரு அட்டையில் ஒரு துளை தவறினால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் சேலையில் அதே இடத்தில் அதே பழுது விழும். அதனால் புது டிசைனை முதலில் ஒரு தறியில் போட்டு, ஒரு சேலையை நெய்து, விரித்துப் பார்த்த பிறகு மற்ற தறிகளுக்கு அனுப்புவதுதான் விவரமானவர்கள் செய்வது. அலுவலகக் கணினிகளுக்கு மென்பொருள் அனுப்புகிறவர்கள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால், நான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இருக்காது.

காஞ்சிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலும் பட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று இந்த ஊரின் அன்றாடம் கணினி வழியாகத்தான் நடக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், கூட்டுறவு வங்கிக் கிளையில் நகைக்கடன், பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளரின் பாவு, ஜரிகை, கூலிக் கணக்கு, கோயில் கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டு, காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பில். இதே மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராகிறது. அங்கே ஒரு கணினி நின்றால் ஓடிவர ஆள் இருக்கும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கூலி வாங்க வந்து நிற்கும் சங்கத்தில் ஒரு கணினி நின்றால், அவர் நாளைக்கு வர வேண்டும். நெய்கிற நாள் ஒன்று போச்சு.

பத்தில் மூன்று

மென்பொருள் ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாறியாக வேண்டிய கட்டாயம் சில சமயம் வரும். 2017 ஜூலை 1 அப்படி ஒரு நாள். நள்ளிரவில் ஜி.எஸ்.டி. அமலானது; விடிந்ததும் நாட்டின் எல்லாக் கல்லாவிலும் பில் வேறு மாதிரி வர வேண்டும். பட்டுத் துணிக்கு 5 சதவீதம். அடுத்த பெரிய நாள் 2025 செப்டம்பர் 22. பட்டுச்சேலைக்கு வரி மாறவில்லை. தைத்த உடைக்கு மாறியது. அதுவரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த உடைக்கு 12 சதவீதம். அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேலே 18.

ஒரு பட்டுக்கடையை எடுத்துக்கொள்வோம். பத்து பில்லிங் சிஸ்டம், மாடியில் ஒரு சர்வர். 21ஆம் தேதி இரவு சர்வரிலிருந்து புது வெர்ஷனை எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் ஏழில் ஏறியிருக்கிறது. மூன்றில் பழையதே ஓடுகிறது. குழந்தைக்குத் தைத்த பட்டுப்பாவாடை, வரிக்கு முன் விலை 2,000 ரூபாய். புது வெர்ஷன் ஓடும் கல்லாவில் வரி 100 ரூபாய்; பழையது ஓடும் கல்லாவில் 240. பாவாடை விலை 3,000 என்றால் தலைகீழ்: வாங்க வேண்டியது 540, பழைய கல்லா வாங்குவது 360. ஒரே கடை, பக்கத்துப் பக்கத்துக் கல்லா, இரண்டு வரி. கூடுதலாகக் கொடுத்தவர் வாடிக்கையாளர். குறைவாக வாங்கியதைக் கைப்பணத்திலிருந்து கட்டப்போகிறவர் முதலாளி. சாயங்காலம் கணக்கு முடிக்கும்வரை இது யார் கண்ணிலும் படாமலே போகலாம். ஏனென்றால் எந்த சிஸ்டமும் நிற்கவில்லை. பில் வந்துகொண்டேதான் இருந்தது.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“தம்பி, மூணு சிஸ்டத்துல பழைய பில்லே வருது.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?”

சிரிக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. சர்வர் எல்லாக் கணினிகளுக்கும் விதிக்கும் குரூப் பாலிசி வழியாக அனுப்பும் மென்பொருள், கணினி ஆன் ஆகும்போது, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே ஏறும். கணினியோ அவசரத்தில் நெட்வொர்க் வருவதற்குக் காத்திருக்காமல் லாகின் திரையைக் காட்டிவிடும். அதனால் முதல் முறை ஏறாமல் இரண்டாம் முறை ஏறுவது சகஜம். நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று சர்வரில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இரண்டு முறை போட்டும் ஏறவில்லை என்றால்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது. இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பென் டிரைவை எடுத்துவந்து மூன்றிலும் கையால் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த அப்டேட்டிலும் அதே மூன்று சிஸ்டம் நிற்கும். அந்த மூன்றுக்கும் மற்ற ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதுதான் முதல் வேலை. மூன்றும் ஒரே ஸ்விட்சில் இருக்கின்றனவா? ஒரே வருடம் வாங்கியவையா? ஒரே ஆள் அமைத்தவையா?

பிறகு காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். முதலில், திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டில் உள்ள ஒற்றை ரூபாய் அளவு பேட்டரி, சி.ஆர்.2032, தீர்ந்துபோயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், சர்வர் அந்தக் கணினியைத் தன் ஆளாக ஏற்காது, எதையும் தராது. கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரிக்காக ஒரு நாள் முழுக்க ‘சர்வர் ப்ராப்ளம்’ என்று பலகை மாட்டுவது நடக்கிறது.

அடுத்தது டி.என்.எஸ். முகவரி, அதாவது பெயரைச் சொன்னால் முகவரி தரும் சர்வரின் எண். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் வந்து, கணினியின் டி.என்.எஸ். இடத்தில் கூகுளின் எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இன்டர்நெட் வரும், யூடியூப் ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் சர்வரை அந்த எண்ணுக்குத் தெரியாது. கணினிக்குத் தன் சர்வரே காணாமல் போய்விடும். “நெட்டு நல்லாத்தான வருது” என்பார்கள். அதனாலேயே இது கடைசிவரை சந்தேகத்துக்கு ஆளாகாது.

மூன்றாவது, மென்பொருள் கிடக்கும் ஃபோல்டருக்கான அனுமதி. முதலாளியின் பெயரில் லாகின் செய்து திறந்தால் திறக்கும். ஆனால் லாகினுக்கு முன் அதைத் திறக்கப்போவது முதலாளி அல்ல, கணினி. கணினிகளின் பெயருக்கும் அனுமதி இருக்க வேண்டும். ‘இசட் டிரைவ்’ என்று பாதை கொடுத்திருந்தாலும் வேலைக்காகாது. லாகினுக்கு முன்னால் இசட் டிரைவ் என்று ஒன்று கிடையாது. சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். கணினிக்கு அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது. அதன் பிறகு, பயனர்களுக்கான பாலிசிகளையும் கணினி தன் பெயரிலேயே சர்வரிடம் கேட்கத் தொடங்கியது. அதுவரை வருடக்கணக்கில் சரியாக ஓடிய பல பாலிசிகள் உலகெங்கும் ஒரே வாரத்தில் சத்தமில்லாமல் நின்றன. யாரும் எதையும் மாற்றவில்லையே என்று அட்மின்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கணினிகளுக்குப் படிக்கும் அனுமதி கொடுத்ததும் சரியானது.

இதற்கெல்லாம் மேலே, கணினியே காரணத்தை எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ஒரு எண் இருக்கும். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, பொறுத்து மறுபடி முயலலாம். 3010 பிழையே இல்லை. ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைப் பிழை என்று நினைத்து, ஏறியதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்கள் உண்டு. 1603 என்றால் உள்ளே ஏதோ ஒரு படி தோற்றிருக்கிறது. எது என்று இது சொல்லாது. இன்ஸ்டாலரின் விரிவான பதிவைத் திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற வரியைத் தேடினால், அதற்கு நேர் மேலே உள்ள சில வரிகளில் விடை கிடைக்கும்: வட்டில் இடமில்லை, ஆன்டி வைரஸ் தடுத்தது, பழைய வெர்ஷன் இன்னும் திறந்திருக்கிறது. இப்படி ஏதாவது ஒன்று.

இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத்தான் நம் கணினிப் பயிற்சிகள் விட்டுவிடுகின்றன. எம்.எஸ். ஆபீஸும் டேலியும் கற்ற பிள்ளைகள் ஊரில் நிறைய. பதிவைத் திறந்து பார்க்கப் பழகியவர்கள் குறைவு. இந்த ஊரின் கல்லூரிகளும் ஐ.டி.ஐ.களும் ஒரு மாதம் இதற்கு ஒதுக்கினால், வேலை உள்ளூரிலேயே இருக்கிறது.

எழுத்து மாறிய கோப்பு

இங்குள்ள அலுவலகங்களுக்கே உரிய ஒரு தொல்லையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் இதற்கு விடை இருக்காது. தமிழ் எழுத்துரு.

தமிழக அரசு அலுவலகங்களில் பல வருடம் கோலோச்சியது வானவில் அவ்வையார். இந்த வகை எழுத்துருக்கள், ஆங்கிலமும் மற்ற ஐரோப்பிய எழுத்துகளும் உட்காரும் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ். இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத லத்தீன் எழுத்துக் குவியல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது அரசு. ஆணை வந்துவிட்டது. பழைய கோப்புகள் அப்படியே இருந்தன. நெசவாளர் பெயர்ப் பட்டியல், பழைய தீர்மானங்கள், கூலி விவரங்கள் எல்லாம் பழைய எழுத்துருவில். அதனால் ஒவ்வொரு புதுக் கணினிக்கும் அந்த எழுத்துரு போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துரு மீது வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ என்றால், அது அந்த லாகினுக்கு மட்டும்தான் ஏறும். கணினி முழுவதற்கும் ஏற்ற, அதற்குக் கீழே உள்ள ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதை அட்மின் அனுமதியோடு அழுத்த வேண்டும். காலையில் வரும் எழுத்தர் தன் லாகினில் திறந்தால் தமிழ். மதியம் அதே நாற்காலியில் உட்காரும் கண்காணிப்பாளர் தன் லாகினில் திறந்தால் குப்பை. “காலைல நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்று எழுத்தர் சொல்வது முழு உண்மை. கணினியை ஃபார்மேட் செய்யத் தேவையே இல்லை. ஆனால் செய்கிறார்கள்.

யூனிகோடுக்கு வந்துவிட்ட அலுவலகங்களுக்கு வேறொரு தொல்லை. விண்டோஸோடு முன்பு இயல்பாகவே வந்த ‘லதா’ எழுத்துரு, விண்டோஸ் 10இல் கேட்டால் மட்டும் கிடைக்கும் துணைப் பொருளாக ஒதுக்கப்பட்டது. கோப்பு தமிழில்தான் திறக்கும். ஆனால் அது வேறு எழுத்துருவில் திறப்பதால் வரிகள் இடம் மாறும், ஒரு பக்கச் சான்றிதழ் இரண்டு பக்கமாகும், அச்சடித்த படிவத்தில் பெயர் கட்டத்துக்கு வெளியே விழும். சரி, லதாவைச் சேர்த்துவிடலாம் என்று கேட்டால் 0954 என்று முடியும் ஒரு பிழை எண் வந்து நிற்கும்.

வீட்டுக் கணினியில் அதே வேலை ஒரு நிமிடத்தில் முடியும். அலுவலகத்தில் மட்டும் முடியாது. காரணம், அலுவலகக் கணினிகள் அப்டேட்டுகளை நேராக மைக்ரோசாஃப்டிடம் வாங்காமல், உள்ளே வைத்திருக்கும் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். சர்வரிடம் வாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். இருபது கணினி ஒரே கோப்பை இருபது முறை இறக்கி இணைப்பை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த உள் சர்வரில் லதா இருக்காது. இல்லாத கடையில் போய்க் கேட்டுவிட்டுக் கணினி வெறுங்கையோடு வருகிறது. பாலிசியில் ஒரே ஒரு அமைப்பு: துணைப் பொருள்களை மட்டும் நேராக மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கிக்கொள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பழைய பில்லிங் மென்பொருள்கள் கேட்கும் டாட் நெட் 3.5 என்ற துணை மென்பொருள் ஏறாமல் நிற்பதற்கும் பல நேரம் இதே காரணம், இதே மருந்து. மருந்து தெரியாமல், ‘இந்த சாப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது’ என்று முடிவு கட்டி, நன்றாக ஓடக்கூடியதைத் தூக்கிப்போட்டவர்கள் எத்தனையோ பேர்.

நீண்ட கால வழி ஒன்றுதான்: பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோரிக்கை என்றே சொல்கிறேன்: பட்டுச் சங்கங்களின் பழைய பதிவுகளில் இந்த ஊரின் நெசவு வரலாறே இருக்கிறது. எந்தத் தறியில் யார், எந்த டிசைன், என்ன கூலி. அதைத் திறக்க ஓர் எழுத்துருவை நம்பியிருப்பது ஆபத்து.

பிரிண்டர் நின்ற செப்டம்பர்

2021இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். விண்டோஸின் அச்சிடும் பகுதியில் பெரிய ஓட்டை இருப்பது அந்த ஜூன் இறுதியில் வெளியானது. ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று பெயர் வைத்தார்கள். ஜூலை முதல் மைக்ரோசாஃப்ட் அடுத்தடுத்து அப்டேட் விட்டது. ஆகஸ்டில் வந்ததற்குப் பிறகு, நெட்வொர்க் பிரிண்டரின் டிரைவரை ஏற்ற அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. செப்டம்பர் 14இல் வந்ததற்குப் பிறகு, ஒரு கணினியில் யு.எஸ்.பி. வழியாகப் பொருத்தி மற்றவர்கள் பகிர்ந்துகொண்ட பிரிண்டர்கள் இணைய மறுத்தன. சிறிய அலுவலகங்களில் அச்சிடும் ஏற்பாடே அதுதான்: ஒரு டாட் மேட்ரிக்ஸ், சுற்றி நான்கு கணினி. மறுநாள், செப்டம்பர் 15, காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் தொடங்கிய நாள்.

ஊருக்கு ஊர் சர்வீஸ் ஆட்கள் கண்டுபிடித்த வழி, அந்த அப்டேட்டை எடுத்துவிட்டு, இனி அப்டேட்டே வராதபடி அடைத்துவிடுவது. பிரிண்டர் ஓடியது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடைத்த கதவை அப்புறம் யாரும் திறக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை. செய்திருக்க வேண்டியது வேறு: பிரிண்டர் பொருத்திய கணினியையும் மற்ற கணினிகளையும் ஒரே அளவுக்கு அப்டேட் செய்வது, டிரைவரை முன்கூட்டியே அட்மின் பெயரில் எல்லாவற்றிலும் ஏற்றிவைப்பது, முடிந்தால் பிரிண்டருக்கே ஒரு நெட்வொர்க் முகவரி கொடுத்துவிடுவது.

அப்டேட்டே வேண்டாம் என்பவர்களுக்கு 2017 மே 12ஐ நினைவூட்ட வேண்டும். வானாக்ரை என்ற பிணைப்பண வைரஸ் உலகைச் சுற்றிவந்த நாள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. இரண்டு மாதம் ஏற்றாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் மாட்டின. நமக்குப் பக்கத்துக் கோயில் நகரமான திருப்பதியில் தேவஸ்தானத்தின் சில பழைய கணினிகளும் மாட்டின. 2024 ஜூலை இறுதியில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் தரும் சி-எட்ஜ் நிறுவனத்தைப் பிணைப்பண வைரஸ் தாக்கியபோது, நாடு முழுக்க ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளைப் பணப்பரிவர்த்தனை வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டியிருந்தது. தாக்குதல் நடந்தது எங்கோ. பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள் சிறு கணக்குக்காரர்கள்.

ஆக, ஏற்றாமலும் இருக்க முடியாது, எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஏற்றவும் கூடாது. நடுவில் உள்ள வழி எளியது, செலவும் இல்லை. இருபது கணினி உள்ள அலுவலகத்தில் இரண்டைத் தனிக் குழுவாக்குங்கள். ஒன்று பிரிண்டர் பொருத்தியதாகவும், ஒன்று தமிழில் தட்டச்சு செய்பவருடையதாகவும் இருக்கட்டும். எந்த அப்டேட்டும் முதலில் அந்த இரண்டுக்கு. மூன்று, நான்கு வேலை நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு. அவசரப் பாதுகாப்பு அப்டேட் என்றால் ஒரு நாள். டபிள்யூ.எஸ்.யூ.எஸ். சர்வரிலேயே இதற்குக் குழு பிரிக்கும் வசதி இருக்கிறது. முந்தைய வெர்ஷனும் டேட்டாவின் நகலும், சர்வரோடு எப்போதும் இணைந்திராத ஒரு வட்டில் இருக்க வேண்டும். சந்தை கூடும் நாளிலும் கூலி போடும் நாளிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலும் எதையும் மாற்றக் கூடாது.

யார் வேலை?

இவ்வளவும் யார் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. மாவட்டத் தலைமையிடத்தில் என்.ஐ.சி. அதிகாரி இருக்கிறார், மின்னாளுமை மேலாளர் இருக்கிறார். அவர்கள் பார்ப்பது காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று ஐந்து தாலுகா. கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடைக்கும் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் கீபோர்டும் மவுஸும் யு.பி.எஸ். பேட்டரியும் இருக்கும். அப்டேட்டை யார் சோதிப்பது, பதிவை யார் படிப்பது என்று ஒரு வரிகூட இருக்காது. அட்மின் பாஸ்வேர்ட் ஒரே ஒருவரின் மனப்பாடத்தில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் கூடவே போய்விடும்.

மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29இல், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஒரே மென்பொருள் இத்தனை ஆயிரம் ஊர்களுக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு சிறு தேர்தல் நடத்துவது போன்ற ஏற்பாடு கேட்கும். நெசவாளர் சங்கங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது கணினி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஐந்தாறு சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு ஆளுக்குச் சம்பளமாக ஒதுக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளை போதும். கையில் ஒரு நோட்டு: எந்தக் கணினி, எந்த வருடம், என்ன வெர்ஷன், கடைசியாக என்ன மாறியது, யார் மாற்றினார்கள். பழுது பார்ப்பதில் பாதி நேரம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே போகிறது. நோட்டு இருந்தால் பத்து நிமிட வேலை.

இதை இப்போதே செய்ய ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். நம் அலுவலகங்களில் உள்ள பல பழைய கணினிகள் இதில் தேறாது. புதியவை லாரியில் வந்து இறங்கும்போது, எல்லாவற்றையும் ஒரே சனி ஞாயிறில் மாற்றிவிடும் ஆசை எந்த அலுவலகத் தலைவருக்கும் வரும். தயவுசெய்து ஒன்றை மட்டும் முதலில் பிரியுங்கள். உங்கள் கூலிப் பட்டியலை அதில் போட்டுப் பாருங்கள், பழைய டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்துப் பாருங்கள், பத்து வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரம் அது உண்மையான வேலையைச் செய்யட்டும். அவகாசம் வேண்டும் என்றால், நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் கட்டணத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருகிறது: முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், அடுத்த இரண்டு வருடங்களில் ஆண்டுதோறும் இரட்டிப்பு. அதுவும் 2028 அக்டோபரோடு முடிகிறது.